அளவற்றது என்று சொல்லிவிட்டு அளந்து கொடுக்கலாமா?

திரைப்பட டிவிடிகளை அஞ்சல் வழியே வாடகைக்கு அனுப்பிவந்த அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 2023 செப்டம்பர் 29 அன்று தன் கடைசி வட்டை அனுப்பி அந்தச் சேவையை நிறைவு செய்தது. 1998இல் தொடங்கிய அத்தொழிலில், 25 ஆண்டுகளில் 500 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகள் வீடுகளுக்குச் சென்றன. இன்று அந்நிறுவனத்தைக் கைப்பேசியில் படம் காட்டும் நிறுவனமாக மட்டுமே நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆயினும் அதன் பழைய அஞ்சல் தொழிலில், கடை வைத்திருப்போரும் கடைக்குச் செல்வோருமான நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் அத்தொழில் நடந்த முறையைப் பார்ப்போம். வாடிக்கையாளர் தாம் பார்க்க விரும்பும் படங்களை வரிசையாகப் பட்டியலிட்டு வைப்பார். பட்டியலின் தலைப்பில் உள்ள படங்கள் சிவப்பு உறையில் வீட்டுக்கு வரும். பார்த்து முடித்ததும், அஞ்சல் கட்டணம் முன்பே செலுத்தப்பட்ட அதே உறையில் வட்டை இட்டு அஞ்சல் பெட்டியில் போட்டால் போதும். அது போய்ச் சேர்ந்ததும் அடுத்த படம் புறப்படும். பலரும் எடுத்த திட்டத்தில் ஒரே நேரத்தில் மூன்று வட்டுகள் கையில் இருக்கலாம். அதற்கு மாதக் கட்டணம் 2006இல் 17.99 டாலர். திருப்பித் தரக் கெடு இல்லை. தாமதக் கட்டணமும் இல்லை.

இந்த முறையை மக்கள் விரும்பி ஏற்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காலத்து வாடகைக் கடைகளில் ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதமே கடைகளுக்குப் பெருவருமானமாக இருந்தது. மக்களின் வெறுப்பை உணர்ந்த பிளாக்பஸ்டர் நிறுவனம், 2005 ஜனவரி முதல் தாமதக் கட்டணம் ஒழிந்தது என்று பெரிதாக விளம்பரம் செய்தது. ஆனால் கெடு முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் வட்டை வைத்திருந்தால், அதன் விலை முழுவதும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறியது. பிறகு திருப்பிக் கொடுத்தாலும் ஒரு சிறு தொகை பிடித்துக்கொள்ளப்பட்டது. விளம்பரம் மக்களைத் தவறாக எண்ணச் செய்தது என்று பல மாநிலங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே ஆண்டு 47 மாநிலங்களோடு அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டு, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

அஞ்சல் சேவையோ நம்பிக்கையின் மேல் நின்றது. வட்டு வழியில் தொலைந்தது என்றோ, கீறலுடன் வந்தது என்றோ வாடிக்கையாளர் அறிவித்தால், பொதுவாக அவர் சொல்லை ஏற்று வேறு வட்டு அனுப்பப்பட்டது. முகம் பார்த்தறியாத இலட்சக்கணக்கானோரின் சொல்லை நம்பி ஒரு தொழிலை நடத்த முடிந்தது என்பது பாராட்டத்தக்கதே.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஈடான வெளிப்படைத்தன்மை நிறுவனத்தின் பக்கம் இருக்கவில்லை. 'எத்தனை படங்கள் வேண்டுமானாலும்' என்பது அதன் விளம்பரம். அதை அப்படியே நம்பி, வந்த வட்டை உடனுக்குடன் பார்த்து அனுப்பியவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். தொடக்கத்தில் ஓரிரு நாளில் வந்த வட்டு, போகப் போகத் தாமதமாக வந்தது. எல்லாரும் கேட்கும் புதிய படங்கள் அவர்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. சிலர் அனுப்பிய நாளையும் பெற்ற நாளையும் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான், அதிகம் பார்ப்பவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறார் என்பது புலப்பட்டது.

2004இல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஒரு வாடிக்கையாளர் வழக்குத் தொடுத்தார். 2005 ஜனவரியில் நிறுவனம் தன் விதிமுறைகளைத் திருத்தி, குறைவாக வட்டு வாங்குவோருக்கே முன்னுரிமை என்பதை எழுத்தில் சொன்னது. தவறேதும் செய்யவில்லை என்று கூறிக்கொண்டே, வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் கூடுதல் சேவை இலவசமாகத் தருவதாகச் சமரசமும் பேசியது. அந்த இலவச மாதம் முடிந்ததும், மறுப்புச் சொல்லாதவர்களிடம் உயர்ந்த கட்டணம் தானாகவே பிடிக்கப்படும் என்பது அச்சமரசத்தின் முதல் வடிவத்தில் இருந்த நிபந்தனை! அமெரிக்க அரசின் வணிக ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே அது நீக்கப்பட்டது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதையும் எடைபோடுவதே நேர்மை. 2006இல் அங்கே ஒரு சாதாரணக் கடிதத்துக்கான அஞ்சல்தலை 39 சென்ட். போகவர 78 சென்ட். அந்தக் கணக்கில் ஒருவர் மாதத்துக்கு 20 வட்டுகள் வாங்கினால், அவர் கட்டும் 17.99 டாலரில் 15.60 டாலர் அஞ்சலுக்கே போய்விடும். வட்டின் விலை, ஆட்கூலி, கிடங்கு வாடகை எல்லாம் எஞ்சியதில் அடங்க வேண்டும். மாதம் மூன்றே படம் பார்ப்பவருக்குப் புதிய படத்தை முதலில் அனுப்புவது அநீதி என்றும் சொல்ல முடியாது. எனவே அளவு வைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அளவை வைத்துக்கொண்டு, அளவே இல்லை என்று சொல்லிப் பணம் பெற்றதைத்தான் குறை சொல்கிறோம்.

அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. அது 83ஆம் அத்தியாயம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அங்கே ஈரத் தானியத்தை விற்றது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அதை அடியில் மறைத்ததே கண்டிக்கப்பட்டது. எத்தனை படங்கள் வேண்டுமானாலும் என்பதை மேலே வைத்து, தாமதத்தை அடியில் வைப்பதும் அந்த வகையே.

இது தொலைதூர நாட்டுச் செய்தி என்று ஒதுக்க வேண்டாம். 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் நம் கைப்பேசித் திட்டங்களில், நாளொன்றுக்கு இவ்வளவு ஜிபி என்ற வரம்பு தாண்டியதும் வேகம் முடங்கிப்போவதை நாம் அறிவோம். அந்த வரம்பு பல நேரங்களில் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் பலகையைப் பாருங்கள். அளவுச் சாப்பாடு ஒரு விலை, முழுச் சாப்பாடு ஒரு விலை என்று எழுதியிருக்கும். அளவுச் சாப்பாடு வாங்கியவர் இரண்டாம் முறை சோறு கேட்பதில்லை. கிடைக்கவில்லை என்று மனம் வருந்துவதும் இல்லை. வாங்கும் முன்பே அவருக்குத் தெரியும். இத்தனை எளிதான நேர்மையைப் பெருநிறுவனங்கள் கடைப்பிடிக்க முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. அஞ்சலில் வந்த வட்டைக் கணினியில் படியெடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பி, அடுத்ததைப் படியெடுத்தவர்களும் இருந்தார்கள். வாடகைக்கு வந்த பொருள் அமானிதம். ஏமாற்றுகிற நிறுவனத்தை நாமும் ஏமாற்றலாம் என்ற வாதம் நம் வீடுகளில் எழக் கூடாது. வரம்பு மறைக்கப்பட்டிருந்தால் கேட்டுப் பெறலாம், புகார் செய்யலாம், விலகலாம். அங்கே நிறுவனத்தைத் தன் விதிமுறையை எழுத்தில் சொல்ல வைத்ததும், அபாயமான நிபந்தனையை நீக்க வைத்ததும் வெளிப்படையாக எழுந்த எதிர்ப்பே அன்றி, எவரும் மறைவில் எடுத்த படிகள் அல்ல.

ஆகவே கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். 'இலவசம்', 'அளவற்றது', 'நிபந்தனை இல்லை' ஆகிய சொற்களைப் பலகையில் எழுதும் முன், மிக அதிகமாகப் பயன்படுத்தும் வாடிக்கையாளரை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவருக்கும் அச்சொல் உண்மையாக இருக்குமா? இராது எனில், அளவைப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். நாலு பேர் கடைக்கு வராமல் போகலாம். வந்தவர்கள் நம் சொல்லை நம்பி மீண்டும் வருவார்கள். அந்த வருமானத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.