பிரேக் கல்லாட்டம் இருக்கா? முதல்ல இன்ஜினைப் பாருங்க

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடரை நிறுத்திவிட்டாலும், திண்டுக்கல் பக்கம் அந்த வண்டி மேல் உள்ள பாசம் மட்டும் நிற்கவில்லை. பாசம் இருக்கட்டும் மக்களே. பழைய வண்டிக்கு முன்னால் டிஸ்க், கூடவே பவர் பிரேக் பூஸ்டர் என்று மாட்டிவிட்டு, "பெடல் கல்லாட்டம் இருக்கு, பூஸ்டர் போச்சு" என்று உடனே அடுத்த பூஸ்டருக்குப் பணம் எடுக்கிறார்கள். பி.காம். படிக்கிறவனுக்கு வயிறு எரியாதா?

பூஸ்டருக்கு என்று சொந்த பலம் கிடையாது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம். அதன் ஒரு பக்கத்துக் காற்றை இன்ஜின் உறிஞ்சிவிடும். மறுபக்கம் வெளிக்காற்று வந்து தள்ளும். அந்தத் தள்ளுதான் உங்கள் காலுக்குத் துணை. நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரசக் கணக்கில்) வேக்யூம் தரும். டீசலில் அது கிடைக்காது, தனி வேக்யூம் பம்ப் வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் இன்ஜின் மாற்றியவர் இதை மறந்தால் பூஸ்டர் வெறும் தகர டப்பா!

நமக்கு இன்னொரு வில்லங்கம், கொடைக்கானல். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஓர் அங்குல வேக்யூம் குறையும். கொடை சுமார் 2,100 மீட்டர். கீழே வத்தலக்குண்டில் 18 காட்டிய இன்ஜின் மேலே 12-க்குப் பக்கத்தில் நிற்கும். கீழேயே 13, 14 காட்டும் கிழட்டு இன்ஜின் என்றால் நீங்களே கழித்துப் பாருங்கள்.

இந்த லட்சணத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்குகிற புத்திசாலிகளும் உண்டு. சேமித்த வேக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுக் காலையும் ஊன்ற வேண்டும். டம் டம் பாறை வளைவில், பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு, இந்தப் பரீட்சை எதற்கு? கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், பெட்ரோல் இன்ஜினில் வேக்யூமும் ஏறும்.

சரி, வேக்யூம் குறைவு என்றால் என்ன செய்வது? முதலில் ஒரு வேக்யூம் கேஜ். பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கிள்ளிப் பிடியுங்கள்; ஐடில் சட்டென்று சீரானால் ஹோஸிலோ பூஸ்டரிலோ ஓட்டை. மாற்றமே இல்லையா? கார்பரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், பின்தங்கிய டைமிங், இறுகிய வால்வு இடைவெளி என்று வரிசையாகப் பார்க்கலாம். பெரும்பாலும் சின்னச் செலவு.

"அந்தக் காலத்து அம்பாசடரில் பூஸ்டரே கிடையாதே" என்று பெருசுகள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் டிரம் பிரேக்கில் சுழற்சியே ஷூவை இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. டிஸ்க் போட்ட பிறகு பூஸ்டரைக் கழற்று என்பதை நான் ஏற்க மாட்டேன்.

வேக்யூம் டேங்க் மட்டும் மாட்டுவதும் வேண்டாம். அது சேமிக்கும், உற்பத்தி செய்யாது. வருமானம் இல்லாதவனுக்குப் பெரிய உண்டியல் வாங்கித் தந்த கதை. இன்ஜினைச் சரிசெய்தும் கேஜ் ஏறவில்லை என்றால், அப்போது மின்சார வேக்யூம் பம்ப் வாங்குங்கள். அந்தச் செலவை நான் கேள்வி கேட்க மாட்டேன்.