புள்ளியியல் தேர்வும் பொறியின் தீர்ப்பும்

புள்ளியியல் பாடத்தில் வினாத்தாள் அமைப்பதையும் விடைத்தாள் திருத்துவதையும் கணினியிடமே ஒப்படைத்துவிட்டால் காப்பியடித்தல் ஒழியும், பட்சபாதம் மறையும், ஆசிரியரின் சிரமமும் தீரும் என்னும் அபிப்பிராயம் கல்லூரிகளில் வேரூன்றி வருகிறது. ஆஸ்திரியாவில் பணியாற்றிய பெட்டினா க்ரூனும் அக்கிம் சைலைசும் 2009-ஆம் ஆண்டில் ஆய்விதழொன்றில் விளக்கிய ‘எக்சாம்ஸ்’ என்னும் ஆர் நிரல்மொழித் தொகுப்பு, ஒரே வினாவை ஒவ்வொரு மாணாக்கருக்கும் வெவ்வேறு எண்களோடு ஆக்கித் தரவல்லது. அதன் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. அதன்மேல் ஏற்றப்படும் நம்பிக்கைகளையே மறுக்கிறேன்.

எண்கள் மாறினும் வழி மாறுவதில்லை. சூத்திரத்தை அடுத்தவன் காதில் ஓதிவிட்டால் எண்களின் வேற்றுமை எவனையும் தடுக்காது. முதல் வாதம் பாதியளவே மெய்.

பட்சபாதமின்மை என்பதே ஆழ்ந்து ஆராயத்தக்கது. நெய்யாற்றங்கரைப் பக்கத்து ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் நன்கறிந்த ஒரு விஷயம், மழை பெய்தால் வெட்டு நின்றுபோகும் என்பது. ஒரு மாதப் பாலின் நாட்சராசரியைக் கணிக்கையில், வெட்டு நின்ற நாட்களையும் சேர்த்து வகுப்பதா, வெட்டிய நாட்களால் மட்டும் வகுப்பதா என்பது, அந்தச் சராசரி குடும்பத்தின் வருமானத்தை அறியவா மரத்தின் திறனை அறியவா என்பதைப் பொறுத்தது. காரணம் காட்டி இரண்டாம் வழியைக் கைக்கொண்ட மாணவிக்கு, முதல் வழியின் எண்ணையே விடையாகப் பெற்றிருக்கும் பொறி சுழியம் வழங்கும். எல்லோருக்கும் ஒரேவிதமாக வழங்கப்படுவதனாலேயே அச்சுழியம் நியாயமாகிவிடுமா?

எண்ணை மட்டும் பார்ப்பதன் குறைக்கு இன்னொரு சான்றும் உண்டு: புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் அமைத்துக் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளிலும் x, y மாறிகளின் சராசரிகள் முறையே 9, 7.5 என்றே அமையும். ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ 0.816 என ஒன்றே. வரைந்து பார்த்தாலோ, ஒன்று நேர்கோட்டையொட்டிய சிதறல், ஒன்று வளைகோடு, ஏனைய இரண்டும் தனியொரு புள்ளியால் திரிந்தவை. எண்ணை மட்டும் வினவும் பொறிக்கு நான்கும் ஒன்றே. வளைவின்மேல் நேர்கோட்டைப் பொருத்தலாகாது என்றெழுதும் மாணாக்கனே இவ்வியலைக் கற்றவன்.

வாக்கியங்களையும் படிக்கும் பொறிகள் வந்துவிட்டனவே என்பர். அவை இட்ட மதிப்பெண்ணை ஆட்சேபித்து ஒரு மாணவி வந்து நின்றால், காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆசிரியரே. ஆகவே அவரும் அவ்விடையைப் படித்தேயாக வேண்டும். மேலும், தாறுமாறாகப் பிறக்கும் எண்கள் ஒவ்வொன்றிலும் வினா பொருள் கெடாதிருக்கிறதா என்று சோதிப்பதும் அவர் தலையிலேயே விழுகிறது. சிரமம் தீர்ந்ததாகச் சொல்வது எங்ஙனம்?

வாராந்தரப் பயிற்சிக்குப் பொறி இருக்கட்டும். சூத்திரத்தில் கைபழக அது நல்ல துணை. இறுதித் தேர்விலோ, தரவைக் கண்டு காரணத்தோடு தீர்மானிக்கச் சொல்லும் வினா ஒன்றேனும் இடம்பெற வேண்டும். அதை ஆசிரியர் தம் கண்ணால் படித்துத் திருத்துவதற்குரிய நேரத்தைப் பல்கலைக்கழகம் அவரது பணிநேரத்திலேயே ஒதுக்கித் தரவேண்டும்.