பைபிள் வகுப்புக்கு பிள்ளை கட்டாயம் போகணுமா? பெற்றோர் கையில் இருக்கும் உரிமை!

சீவலப்பேரி: பிள்ளைகளை பாளையங்கோட்டை கத்தோலிக்க பள்ளிகளில் சேர்க்க சீவலப்பேரி பக்கத்து பெற்றோருக்கு ஆசை அதிகம். கண்டிப்பா இருப்பாங்க, நல்லா படிக்க வைப்பாங்க என்ற பேரு அப்படி. இந்து, முஸ்லிம் குடும்பங்களும் சீட்டுக்கு அலைகின்றன. ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி: ஜெபத்துக்கும் பைபிள் வகுப்புக்கும் எம்புள்ள போயே ஆகணுமா?

கட்டாயம் இல்லை என்கிறது சட்டம்.

சிறுபான்மையினர் பள்ளி நடத்த அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 28(3) பிரிவோ, அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் பள்ளியில் மத போதனைக்கும் வழிபாட்டுக்கும் யாரையும் கட்டாயப்படுத்த கூடாது என்கிறது. 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதனால்தான் பல பள்ளிகளில் கத்தோலிக்க பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துகிறார்கள்.

சம்பளம் அரசு பணம்

உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் சபை கையில். அரசு அனுமதித்த பணியிடங்களுக்கு சம்பளம் மக்கள் வரிப்பணம். பாதிரியார், கன்னியாஸ்திரி ஆசிரியர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். அந்த சம்பளத்துக்கு வருமான வரி பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனாலும் அது அரசு பள்ளி ஆகிவிடாது. 2020-ல் வந்த மருத்துவ படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசு பள்ளி பிள்ளைகளுக்கே. உதவி பெறும் பள்ளிக்கு கிடையாது.

டாக்டர் கனவு இருந்தால் இந்த கணக்கையும் போட்டுப் பார்க்கணும். விண்ணப்பத்தில் கையெழுத்து போடும் முன்பு, மத வகுப்பு பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேட்பது தப்பில்லை, உரிமை!