எச்சரிக்கை என்னும் பெயரில்

2018 மே 9. ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூரை அடுத்த அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் காரை நிறுத்திய குடும்பத்தில் ஒருவரான 65 வயது மூதாட்டி, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கும்பல் அவரை அடித்துக் கொன்றது. உடன்வந்த உறவினர் படுகாயமுற்றனர். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே வதந்தி பரவியிருந்தது.

அடித்தவர்கள் கைதாயினர். அவ்வதந்தியை நல்லெண்ணத்தோடு பகிர்ந்த எண்ணற்றோரோ, "எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்றுதான் அனுப்பினோம்" என்று கூறி அமைதியடைந்தனர். அந்த அமைதியைத்தான் நாம் மறுக்கிறோம்.

இப்பொய் உலகுக்குப் புதிதன்று. 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் இறந்துகிடந்த சிறுவனை யூதர்களே கொன்றனர் என்று பின்னர் கதை கட்டப்பட்டது. யூதர் பிள்ளைகளைப் பிடித்துப் பலியிடுகின்றனர் என்னும் அப்பழி நூற்றாண்டுகளாக ஐரோப்பாவெங்கும் திரிந்தது. 1903இல் கிஷினேவ் நகரில் ஒரு நாளேடு அதற்கு உயிரூட்டியது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 49 யூதர்கள் மாண்டனர்.

யூத வெறுப்புக்கும் அத்திமூருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். அங்கே வேரூன்றிய மதப்பகை. இங்கே சில வாரத்துப் பீதி. வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்நியன், குழந்தை, ஆதாரமற்ற எச்சரிக்கை என்னும் மூன்றையும் கொண்டுதான் இரண்டு பொய்களும் கட்டப்பட்டன. குழந்தையின் பெயரைச் சொன்னதும் ஆதாரம் கேட்பதே குற்றமாகிவிடுகிறது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி இந்தியாவில் வரம்பிட்டது. வேகம் குறைந்திருக்கலாம், நம்பும் மனம் மாறவில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அப்போது பழி நம்மீது விழுந்தது. நாம் கொதித்தெழுந்து மறுத்தோம். சரிதான். ஆனால் பழி வடநாட்டார்மீது விழுந்த 2018இல் நம்முள் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

வெறுப்பைக் கண்டித்து அறிக்கை விடுவதும் முகநூலில் அறச்சீற்றம் காட்டுவதும் எளிது. அவற்றைப் படிப்பவர் முன்பே நம்மோடு உடன்பட்டவர். பொய் வந்து சேருமிடம் குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு. அங்கேதான், எல்லோரும் காண, "மாமா, இது பொய், தயவுசெய்து நீக்கிவிடுங்கள்" என்று எழுத வேண்டும். மாமா கோபிப்பார். அடுத்த திருமணத்தில் முகங்கொடுத்துப் பேசாமலும் போகலாம். அந்தச் சிறு சங்கடத்துக்கு அஞ்சித்தான் நாம், படித்தவர்கள், வாளாவிருக்கிறோம்.

அத்திமூரில் போன உயிருக்கு முன் அச்சங்கடம் எம்மாத்திரம்?