எந்தச் சொல்லை அழுத்துவது?

இலக்கணப் பிழையின்றி ஆங்கிலம் எழுதும் மாணவர் பலர், அதே வாக்கியத்தை வாய்திறந்து சொல்லுமிடத்துத் தாம் கருதாத பொருளைத் தந்துவிடுகின்றனர். இதற்குக் காரணம் சொற்களல்ல. அவற்றின் மேல் வைக்கும் அழுத்தமே.

‘ஐ டிட் நொட் டேக் யுவர் புக்’ என்பது எளிய வாக்கியம். ‘நான் உன் புத்தகத்தை எடுக்கவில்லை’ என்பது அதன் பொருள். இதில் ‘ஐ’ என்பதை அழுத்திச் சொன்னால், எடுத்தவர் வேறொருவர் என்பது குறிப்பு. ‘டேக்’ என்பதை அழுத்தினால், எடுக்கவில்லை, பார்த்ததோடு சரி என்றாகும். ‘யுவர்’ என்பதை அழுத்தினாலோ, உன்னுடையதை அன்று, இன்னொருவருடையதை எடுத்தேன் என்று கேட்போர் கொள்வர். குற்றமற்ற பிள்ளை தன் வாயாலேயே களவை ஒப்புக்கொண்டதாகிவிடும்! வீண்பழியை மறுப்பதாயின், அழுத்தம் ‘நொட்’ என்பதன் மேல் விழவேண்டும்.

தமிழில் இவ்விடர் குறைவு. ‘எடுத்தவன் நானல்லேன்’, ‘நான் எடுத்தது உன்னுடையதன்று’, ‘எடுக்கவேயில்லை’ என வாக்கியத்தையே மாற்றி அமைத்துவிடுகிறோம். ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதையும், உறுதி கூறுவதையும் ஏகாரத்தின் பொருள்களாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கின்றது. நமக்கு அவ்வோரெழுத்துச் செய்யும் வேலையை ஆங்கிலேயர் பெரும்பாலும் குரலாற் செய்கின்றனர். ஆகவே, ஆங்கிலம் பேசுமுன் மனத்துள் ஒருமுறை கேட்டுக்கொள்க: தமிழில் இதைச் சொன்னால் ஏகாரத்தை எங்கே வைப்பேன்? அங்கேதான் அழுத்தமும் வேண்டும். எல்லாச் சொற்களையும் ஒரே கனத்தில் உச்சரிப்பது, எதையும் அழுத்தாமைக்கு ஒப்பாகும்.

சொற்றொடரிலும் தனிச்சொல்லிலுங்கூட இது உண்டு. ‘இங்கிலிஷ் டீச்சர்’ என்பதில் முற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர். பிற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலேயரான ஆசிரியர். ‘பெர்மிட்’ என்பதில் முதலசை அழுத்தம் பெற்றால் அனுமதிப்பத்திரம். இரண்டாமசை பெற்றால் அனுமதித்தல் என்னும் வினை. ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். டானியல் ஜோன்ஸ் என்னும் அறிஞர் இதற்கெனவே ஓர் ஆங்கில உச்சரிப்பு அகராதியை 1917இல் வெளியிட்டார். இன்று நல்ல அகராதிகள் பலவற்றில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே சிறு நிமிர்கோடு ஒன்று இடப்பட்டிருக்கும்.

இவ்வாரப் பயிற்சி: ‘ஹி கேம் யெஸ்டர்டே’ என்பதை வீட்டில் ஒருவர் மூன்று விதமாக அழுத்திச் சொல்லட்டும், மற்றவர் பொருள் உரைக்கட்டும். கேட்டவர் உரைத்த பொருளும் சொன்னவர் கருதிய பொருளும் ஒன்றாயின், பயிற்சி பலித்தது.