காய்ச்சல் வராதவர் உடலில் நடப்பதென்ன?

2020ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 14ஆந் திகதி வந்தது. ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் சென்று கடைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர் ஊர் திரும்பும் காலம் அது. அந்நாட்களில் மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறலாகாது என அரசாங்கம் தடை விதித்தது. காய்ச்சலும் இருமலும் இல்லாதவரை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானதே. ஆனால், கொவிட் வைரசு தொற்றியவருள் ஒரு பகுதியினர்க்கு நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. ஆயினும் அவர்தம் மூக்கிலும் தொண்டையிலும் வைரசு பெருகும்; பிறர்க்கும் தொற்றும்.

அப்படியானால் அவர்கள் உடல் எதிர்த்துப் போரிடவில்லையா? போரிடுகிறது, செவ்வனே போரிடுகிறது. காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் வைரசு நேரே செய்யும் கேடல்ல. அதனை எதிர்த்து நம் உடல் மூட்டும் அழற்சியின் விளைவுகள். அடுப்பு நன்றாக எரிந்தால் புகை குறைவதில்லையா?

சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் இதனை ஆராய்ந்தனர். தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்றோர் நெருங்கி வாழும் விடுதிகள் அவை. நம் லயங்களை அறிந்தவர்க்கு அந்நெருக்கத்தை விளக்க வேண்டியதில்லை. நோய்க்குறி கண்டவர், காணாதவர் ஆகிய இரு சாராரிடமும் வைரசை இனங்காணும் டி கலங்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. (தேயிலைக்கும் இந்த 'டீ'க்கும் உறவில்லை! மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து அது.) வேறுபாடு செயலில் இருந்தது. நோய்க்குறியற்றவரின் கலங்கள் இன்டர்பெரோன் காமா என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்தன; அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கு ஈடாக அதனை அடக்கும் பொருளும் சுரந்தது. நோயுற்றவரிடம் அச்சமநிலை இல்லை. 2021இல் இம்முடிவு வெளியாயிற்று.

பிறபொருளெதிரியின் கதை வேறு. சீனாவின் சொங்கிங் நகரில் 2020இல் நோய்க்குறியற்ற 37 பேரை ஆராய்ந்தபோது, அவர்களிடம் அதன் அளவு குறைந்தே காணப்பட்டது. குணமடைந்த சில வாரங்களுள் பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்கு அது குன்றியவர் நூற்றுக்கு 40 பேர். நோயுற்றவருள் அவ்வாறானோர் 13 பேரளவே. எனவே இரத்தத்தில் பிறபொருளெதிரி இல்லையென்பதைக் கொண்டு, தொற்றே வரவில்லை என்று சாதித்தல் இயலாது.

பிறவியிலேயே சிலர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு என்பதும் தெரிய வந்துள்ளது. எச்.எல்.ஏ. பி 15:01 என்னும் மரபணு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர் நோய்க்குறியின்றித் தப்பும் வாய்ப்பு ஏனையோரினும் எட்டு மடங்குக்கு மேல் என அமெரிக்காவில் ஜில் ஹொலன்பாக் குழுவினர் 2023இல் அறிவித்தனர். சாதாரணத் தடிமனைத் தரும் உறவுக்கார வைரசுகளை முன்னரே சந்தித்த டி கலங்கள், புதியவனையும் அடையாளம் கண்டுகொள்கின்றனவாம். ஆனால் அக்கணக்கு வெள்ளையரை வைத்துப் போட்டது. நம் மலைநாட்டுக்கு அதனை அப்படியே பொருத்துதல் தகாது.

நிற்க. இளைஞனின் உடல் இவ்வாறு ஒழுங்காகப் போரிடுவதால், அவன் வீட்டுப் பாட்டிக்கு யாதொரு பயனுமில்லை. தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்குகிறது; முதுமையில் புதிய டி கலங்கள் மிகச் சிலவே உருவாகின்றன. பேரன் அறியாது கொணர்ந்த அதே வைரசை, எண்பது வயது உடல் தாமதமாகவே எதிர்கொள்கிறது; அதற்குள் அது நுரையீரலை எட்டிவிடக் கூடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் பாட்டியும் பேரனும் எங்கே விலகியிருப்பது?