ருஷ்ய நூல்களும் நம் சங்கங்களும்

காவலூர் மலையில் சாமை விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கும், சமவெளியில் தறியில் அமர்ந்து உழைக்கும் நெசவாளர்களுக்கும் ருஷ்ய இலக்கியம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையை நம் நாட்டு நாவலொன்றிலிருந்தே தொடங்குவோம்.

மாக்ஸிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கியவர் தொ. மு. சி. ரகுநாதன். அவரே 1953-ல் ‘பஞ்சும் பசியும்’ என்னும் நாவலை வெளியிட்டார். நூல் கிடைக்காமல் தறிகள் ஓய்ந்துபோன அம்பாசமுத்திரம் பகுதி நெசவாளரின் துயரமே அதன் பொருள். உழைப்பாளியைக் கதையின் நடுவே நிறுத்தும் துணிவுக்கு ருஷ்ய எழுத்தும் ஒரு தூண்டுதல் என்பதில் ஐயமில்லை. அந்நாவலைக் கமில் சுவலபில் செக் மொழியில் பெயர்த்தார். நம் தறியின் ஓசை ஐரோப்பாவிலும் கேட்டது.

மலைவாழ் அன்பர்களுக்கு உகந்தது, கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-ல் எழுதிய ‘முதல் ஆசிரியர்’. அரைகுறை எழுத்தறிவே கொண்ட ஓர் இளைஞன் மலைக்கிராமத்துப் பழைய குதிரைலாயத்தைப் பள்ளியாக்குகிறான். குளிரில் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகளைச் சுமந்து செல்கிறான். நம் மலையில் அதைப் படிப்பவர் எவரும் அதனை அயல்நாட்டுக் கதை என்று கருதார்.

இத்தகைய நூல்கள் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, 1951-ல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியாக மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. செலவைத் தாங்கியது சோவியத் அரசு. 1991-ல் அவ்வரசு மறைந்தது. நூல் வரவும் நின்றது. பிறர் பணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அப்பணத்தோடு முடியும் என்பதைக் கூட்டுறவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1958-ல் நோபல் பரிசு பெற்ற பாஸ்டர்நாக் அதனை மறுக்கும்படி நெருக்கப்பட்டார். ஐத்மாத்தவின் தந்தையார் 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். உழவர்களை வலிந்து கூட்டுப்பண்ணையில் சேர்த்ததைத் தொடர்ந்து 1932–33-ல் நேர்ந்த பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். விரும்பிச் சேர்வதே கூட்டுறவு. அச்சத்தால் சேர்வதற்கு அப்பெயர் பொருந்தாது. ஆகவே அந்நூல்களை வழிபாட்டு மனத்தோடு அன்றி, ஆராயும் மனத்தோடு படித்தல் வேண்டும்.

ருஷ்ய மொழி எழுத்து அத்துடன் முடிந்துவிடவில்லை. சாதாரண மக்களின் வாய்மொழியைத் தொகுத்தே நூல்களாக்கிய ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்.

கோட்டயத்தில் எழுத்தாளர்கள் 1945-லேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தம் நூல்களைத் தாமே வெளியிட்டனர். அத்துணை பெரிய முயற்சியை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு சங்கமும் ஆண்டு லாபத்தில் ஒரு சிறு தொகையை மகாசபையின் ஒப்புதலோடு ஒதுக்கி, அலுவலகத்தில் ஒரு புத்தக அலமாரி வைக்கட்டும். கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலேயே கதைப் புத்தகமும் இருக்கட்டும். கணக்கைச் சரிபார்க்கக் கற்ற அங்கத்தினர், உலகத்தையும் சரிபார்க்கக் கற்கட்டும்.